வெளியூர் வேலையும் கொசுக்கடியும்: சில பயனுள்ள குறிப்புகள்

செஞ்சிக் கோட்டையை 1750-ல் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயரிடம் அதைப் பறிகொடுத்தார்கள். இடைப்பட்ட பத்துச் சொச்சம் ஆண்டுகளில், காவலுக்கென்று அங்கே அனுப்பப்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்களில் 1,200 பேர் அளவுக்கு மாண்டுபோனதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அன்று கர்நாடகம் எனப்பட்ட பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத ஊர் என்று செஞ்சிக்குப் பெயர். தண்ணீர் சரியில்லை, காற்று சரியில்லை என்று பழி போட்டார்களே தவிர, கொசுவை யாரும் நினைக்கவில்லை. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றுக்குள் ரொனால்ட் ராஸ் பார்த்தது 1897 ஆகஸ்ட் 20-ல், செகந்திராபாத்தில். அந்தச் சிப்பாய்கள் எந்தக் காய்ச்சலில் போனார்கள் என்பது வேறு விஷயம். வேலை என்று ஊர் விட்டு ஊர் அனுப்பப்பட்டவர்கள் அவர்கள் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

இன்று போக்குவரத்து திசை மாறிவிட்டது. செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள தொண்டூரிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போகிறார்கள். நெல் லாரியில் போகிறார்கள். அறுவடை வண்டியோடு மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுகிறார்கள். மருந்து கம்பெனி, உரக் கம்பெனி ஆட்கள் பையோடு செஞ்சிக்கு வந்து லாட்ஜில் தங்குகிறார்கள். இந்தக் குறிப்புகள் போகிறவர்களுக்கு, வீட்டில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக அவர்களை அனுப்பி வைக்கும் மேஸ்திரிக்கும் முதலாளிக்கும்.

1. முதலில் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். விடிந்து இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரமும் அதற்கு உச்சம். காலில் வெள்ளை வரி இருக்கும். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் பதுங்கிக் கணுக்காலில் கடிக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இருட்டிய பிறகு வரும். மூளைக்காய்ச்சல் பரப்பும் வயல்வெளி கியூலெக்ஸும், யானைக்கால் பரப்பும் சாக்கடைக் கியூலெக்ஸும் இரவுக் கொசுக்கள். ஆக, ராத்திரி வலைக்குள் படுத்தால் போதும் என்று நினைப்பவர் டெங்குவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். பகலில் மட்டும் கிரீம் தடவுபவர் மலேரியாவுக்கு.

2. கிளம்புமுன் மேஸ்திரியிடம் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். எங்கே படுக்கப் போகிறோம், குடிநீரை எதில் பிடித்து வைக்கிறார்கள், பக்கத்தில் இருப்பது வயலா சாக்கடையா, இதற்கு முன் போன ஆட்களுக்குக் காய்ச்சல் வந்ததா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதி முடிவு செய்துவிடலாம்.

3. கொத்தனாருக்குக் கரண்டியும் ரசமட்டமும் எப்படியோ, வெளியூர் ஆளுக்குக் கொசுவலை அப்படி. அது வேலைச் சாமான். அதை வாங்கிக் கொடுப்பது அனுப்புகிறவர் பொறுப்பு என்பது என் கட்சி. ஓர் ஆள் காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் போகும் கூலியையும், வேலை நின்ற நஷ்டத்தையும் கூட்டிப் பாருங்கள். வலையின் விலை அதில் ஒரு மூலைக்குக் காணாது. ஹெல்மெட் கொடுப்பவர்கள் வலை கொடுப்பதற்கு மட்டும் ஏன் யோசிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. தலையில் கல் விழுவதைவிடக் காலில் கொசு கடிப்பது எத்தனையோ மடங்கு அடிக்கடி நடக்கிறது.

4. வலை வாங்கும்போது மருந்து ஏற்றிய வலையா என்று கேட்டு வாங்குங்கள். நூலிலேயே பூச்சிமருந்து கலந்த நீடித்த வலை, 20 முறை துவைத்தாலும் வீரியம் குறையாத மாதிரி தயாரிக்கப்படுகிறது. சாதாரணமாக மூன்று ஆண்டு வரை பயன் தரும். அடித்துத் துவைக்காமல், மிதமான சோப்பில் அலசி நிழலில் காயப் போடுங்கள். வெயிலில் போட்டால் மருந்து வீணாகும். அலசிய தண்ணீரைக் குளத்திலோ ஏரியிலோ கொட்டாதீர்கள். மீனுக்கு அது விஷம்.

5. தங்கும் ஷெட்டில் ஆணி இருக்காது. நாலு முழ நைலான் கயிறு இரண்டும், துணி கிளிப் நாலும் வலையோடு சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாரக்கம்பு, ஜன்னல் கம்பி, லாரியின் பக்கப்பலகை, எதிலும் கட்டலாம். வலையின் ஓரத்தைப் பாயின் அடியில் செருகுங்கள். கையோ காலோ வலையோடு ஒட்டிக் கிடந்தால், மருந்து இல்லாத வலை என்றால் வெளியிலிருந்தே கடித்துவிட்டுப் போகும். ஊசி நூலும் ஒன்று இருக்கட்டும். ஓட்டையை அன்றன்றே தைத்துவிடுங்கள்.

தொண்டூர் மலைக்குகையில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. மழைக்காலம் நான்கு மாதமும் பயணத்தை நிறுத்தி ஒரே இடத்தில் தங்குவது அவர்கள் வழக்கம்; காலடியில் பூச்சி புழு சாகக் கூடாது என்பதற்காக. நமக்கு அந்த வசதி இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் தமிழ்நாட்டில் டெங்கு தலைதூக்கும் காலம். அந்த மாதங்களிலும் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

6. கொசு விரட்டும் கிரீம் வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். டீட், பிகாரிடின், டைஎதில் பென்சமைடு போன்றவற்றில் ஒன்று, எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். வேர்த்து ஒழுகும் வேலையில் கிரீம் சீக்கிரம் கரைந்துவிடும். மதிய சாப்பாட்டுக்குக் கை கால் கழுவிய பிறகு மறுபடி தடவ வேண்டும். உடை மூடிய இடத்தில் தேவையில்லை. காயத்தின் மேல், கண்ணருகில், உதட்டில் தடவாதீர்கள். வெயில் கிரீமும் போடுபவர்கள் அதை முதலில் போட்டு, கொசு கிரீமை மேலே போடுங்கள். வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து தடவுவது சும்மா இருப்பதற்கு மேல். ஆனால் ஒரு முழு ஷிப்டுக்கு அதை நம்பக் கூடாது.

7. கொசுவர்த்திச் சுருளைப் பூட்டிய அறையில் ஏற்றி வைத்துவிட்டு எட்டுப் பேர் படுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு கணக்குச் சொல்கிறது. ஏற்ற வேண்டியிருந்தால் திறந்த திண்ணையில், காற்று வரும் பக்கமாக வையுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

8. லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் டிவி ரிமோட்டைத் தேடுமுன் குளியலறைக்குப் போங்கள். முன்பு தங்கியவர் பிடித்து வைத்த பக்கெட் தண்ணீரை ஊற்றுங்கள். கம்மோடு ஃபிளஷை ஒரு முறை இழுத்துவிடுங்கள். கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலை மடிப்பிலும் துண்டால் தட்டினால் பதுங்கியிருப்பவை கிளம்பும். ஜன்னல் வலை கிழிந்திருந்தால் வேறு அறை கேளுங்கள்; கேட்பதில் வெட்கம் எதற்கு? லிக்விட் மெஷின் சொந்தமாக ஒன்று கொண்டுபோய், படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு வையுங்கள். ஃபேனை வேகமாக விடுங்கள். கொசு எடையில்லாத பிராணி. காற்றை எதிர்த்து அதற்குப் பறக்க வராது.

9. உடையைப் பொறுத்தவரை முழுக்கை, முழுக்கால், வெளிர் நிறம். கறுப்பும் கருநீலமும் ஏடிஸுக்குப் பிடித்த நிறங்கள். சாயங்காலம் குளித்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டி வாசலில் உட்காருவது சுகம்தான். அந்த நேரத்துக்குக் காலில் கிரீம் போட்டுவிட்டு உட்காருங்கள்.

10. லாரிக்காரர்களுக்கு: தார்ப்பாய் மடிப்பில், ஸ்டெப்னி டயருக்குள், டூல்ஸ் பெட்டி மூடியில் மழைத்தண்ணீர் நிற்கும். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். பழைய டயர்களின் கப்பல் ஏற்றுமதியில்தான் ஆசியப் புலிக்கொசு கண்டம் விட்டுக் கண்டம் போனது. உங்கள் வண்டியும் ஒரு மாவட்டக் கொசுவை இன்னொரு மாவட்டத்துக்கு ஓசியில் கூட்டிப் போகலாம். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்துக் காய விடுங்கள்.

11. கட்டட வேலை இடம்தான் எல்லாவற்றிலும் மோசம். சம்ப், லிஃப்ட் குழி, கான்கிரீட் தளத்தில் பாத்தி கட்டித் தேக்கிய கியூரிங் தண்ணீர், பெயிண்ட் டப்பா, ஹெல்மெட் மல்லாந்து கிடந்தால் அதுவும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, சேறும் சகதியும் தேடாது. கிணறு, மேல்நிலைத் தொட்டி, சுத்தமாகத் தேங்கிய தண்ணீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் தளத்தில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு நாள் முழுக்க வடித்துவிட்டு மறுபடி கட்டினால் போதும். கான்கிரீட்டுக்கும் ஒன்றும் ஆகிவிடாது. சம்ப்பை மூட வேண்டும். மூட முடியாவிட்டால் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தோ, அதைத் தின்னும் கம்பூசியா மீனோ விட வேண்டும். இந்த வேலைக்கு என்று ஒரு ஆளைப் பேர் சொல்லி நியமியுங்கள். 'எல்லாரும் பாத்துக்கோங்கப்பா' என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

12. அமாவாசை இரவு மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்குச் சிறப்புப் பேருந்து ஓட்டி வரும் டிரைவர், கண்டக்டர், காவலுக்கு வரும் போலீஸார், கடை போடுகிறவர்கள் எல்லோரும் விடிய விடிய வெட்டவெளியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வலை கட்ட இடமில்லை. மாலையில் ஒரு தடவை, நள்ளிரவு தாண்டி ஒரு தடவை கிரீம், காலுறை, கழுத்தில் ஒரு துண்டு. ஓய்வு கிடைத்தால் பேருந்துக்குள் ஜன்னலை மூடிவிட்டுப் படுங்கள். விடிந்ததும் கிரீமை மறக்காதீர்கள். இரவுக் கொசு போனால் பகல் கொசு பணிக்கு வந்துவிடும்.

13. அறுவடை வண்டியோடு போகிறவர்கள் வயலோரத்தில் படுக்கிறார்கள். நம் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தெரிந்த நோய்தான். இந்தியாவில் இது முதன்முதலில் அறியப்பட்டது 1955-ல், வேலூர்ப் பகுதியில். நீர் தேங்கிய நெல் வயலில் பெருகும் கொசு, கொக்கிலிருந்தும் பன்றியிலிருந்தும் கிருமியை எடுத்து மனிதனுக்குத் தருகிறது. பன்றிப்பட்டிக்குப் பக்கத்தில் முகாம் போடாதீர்கள். கூட வரும் குழந்தைகளுக்கு 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடும் இரண்டு தவணை ஊசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ஊர் ஊராகப் போகிற குடும்பத்தில் இரண்டாம் தவணைதான் தவறிப்போகும்.

14. மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்களா? அடுப்பையும் மெயினையும் பார்ப்பதுபோல் தண்ணீரையும் பாருங்கள். ஆட்டுக்கல் குழி, உரல், ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, பூச்சட்டி, மொட்டைமாடி மூலையில் உடைந்த பக்கெட், தேங்காய்த்தொட்டி. தொட்டிகளை வடித்துவிட்டுச் சுவரை நாரால் நன்றாகத் தேய்க்க வேண்டும்; முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் ஊற்றினால் போகாது. மேல்நிலைத் தொட்டி மூடியை இறுகக் கட்டுங்கள். வெஸ்டர்ன் கம்மோடை மூடி வையுங்கள். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் டி.பி.சி. பணியாளர்கள் வந்தால் பார்க்கட்டும் என்று சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. ஏடிஸ் அதிக தூரம் பறக்காது. பூட்டிய உங்கள் வீட்டில் பிறந்த கொசு கடிக்கப்போவது அந்த அக்காவைத்தான்.

15. பையில் வைக்க வேண்டியவை: தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, கிரீம், ஆதார் நகல், ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதன் படம் போனில். வைக்கக் கூடாதவை: ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை வலி மாத்திரைகள். உடம்பு வலிக்கு என்று மெடிக்கலில் கேட்டால் இவற்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். டெங்குவாக இருந்தால் இவை இரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். 'காய்ச்சலும் இருக்கு' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லி, பாராசிட்டமால் மட்டும் வாங்குங்கள். அதையும் ஆறு மணி நேர இடைவெளியில். குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு.

16. வெளியூரில் காய்ச்சல் வந்தால் இரண்டாம் நாளுக்குள் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிடுங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறுவதுதான் நம் ஆட்களின் பெரிய வியாதி. மலேரியாவுக்கு விரல் நுனி இரத்தம் போதும்; அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். டெங்குவுக்கு முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 பரிசோதனை, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பது முக்கியம். ஏழாம் நாள் போய் என்.எஸ்.1 எடுத்து, இல்லை என்று வந்ததும் நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. காய்ச்சல் தொடங்கிய தேதியை, முடிந்தால் மணியையும், போனில் குறித்து வையுங்கள். தமிழ்நாட்டுக்குள் எங்கிருந்தாலும் ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108.

17. டெங்குவில் காய்ச்சல் விட்ட நாள்தான் பயப்பட வேண்டிய நாள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு தணியும். அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பு சரியும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், சிறுநீர் குறைவது, கை கால் ஜில்லிட்டு ஒரே அசதி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 'ஜுரம் விட்டுடுச்சு, நாளைக்கு வேலைக்கு வா' என்று மேஸ்திரி கூப்பிடுவதும் சரியாக அன்றைக்குத்தான். மேஸ்திரிமார்கள் இந்தக் குறிப்பை இரண்டு தடவை படிக்கவும்.

18. நிலவேம்புக் குடிநீர் அரசே கொடுத்ததுதான்; குடிக்கலாம். பப்பாளி இலைச்சாறும் பலர் குடிக்கிறார்கள். இரண்டையும் நம்பி இரத்தப் பரிசோதனையை ஒத்திப் போடாதீர்கள். கஞ்சி, இளநீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரம் வயிற்றில் இறங்கிக்கொண்டே இருப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய பெரிய வைத்தியம். நொச்சியை வாசலில் நட்டு வைத்தால் மட்டும் கொசு ஓடிவிடாது. காய்ந்த இலையைப் புகை போட்டால் கொஞ்ச நேரம் விலகும்.

19. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், திரிபுரா, மிசோரம் பக்கம் போர்வெல் வண்டியோடோ சாலை வேலைக்கோ போய் வந்தவர்களுக்கு மலேரியா ஞாபகம் இருக்கட்டும். வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். அதற்கு மூன்று நாள் குளோரோகுயினோடு 14 நாள் பிரைமாகுயின் என்பது இந்தியாவில் உள்ள முறை. நாலாம் நாள் உடம்பு தேறியதும் மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்களே அதிகம்; அவர்களுக்கே திரும்ப வருகிறது. கர்ப்பிணிகளுக்கும், ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்கும் பிரைமாகுயின் ஆகாது. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

20. ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் 'இந்த ஊரில் இத்தனை நாள் இருந்தேன்' என்று நீங்களே சொல்லுங்கள். டெங்கு, கொசு கடித்த நாலு முதல் பத்து நாளில் வரும். மலேரியா ஒன்று இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். உள்ளூர் டாக்டருக்கு உள்ளூர்க் காய்ச்சல்தான் முதலில் தோன்றும்.

21. காய்ச்சலோடு வந்தவரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். டெங்குக் கிருமி இரத்தத்தில் இருக்கும் முதல் ஐந்து நாளில் அவரைக் கடிக்கும் வீட்டுக் கொசு, எட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து அடுத்த ஆளுக்கு நோயைக் கொடுக்கத் தயாராகிவிடும். அதன்பிறகு சாகும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு தெருவே படுப்பது இப்படித்தான். நோயாளிக்கு வலை போட்டால் சொந்தக்காரர்கள் தள்ளி வைத்தது போல நினைப்பார்கள். காரணத்தை எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

22. ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர் இனி வராது என்று நினைக்க வேண்டாம். அதில் நான்கு வகை உண்டு. வேறு வகை இரண்டாம் தடவை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவருக்கு முதல் வலை, நல்ல அறை.

23. நைஜீரியா, கானா, உகாண்டா என்று ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். கிளம்புவதற்கு முன்தினம் போட்டால் பயன் இல்லை. பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். கிண்டி கிங் நிலையத்திலும் புதுச்சேரி ஜிப்மரிலும் போடுகிறார்கள். எந்த நாள் என்று முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்று 2016 ஜூலை முதல் விதி. மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு பின் அடித்து வையுங்கள். அட்டை இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

24. ஆப்பிரிக்காவில் மலேரியாவும் உண்டு. ஆறு வாரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் டாக்ஸிசைக்கிளின் தருவார்கள்: கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் தொடங்கி, அங்கே தினமும், திரும்பிய பிறகு நாலு வாரமும். நீண்ட காலம் தங்குகிறவர்களுக்கு வேறு மாத்திரை. தானாக வாங்கிச் சாப்பிடும் சமாச்சாரம் இல்லை இது. ஏஜென்டு 'அதெல்லாம் வேண்டாம் சார்' என்று சொன்னால், வேண்டாமென்று சொல்ல வேண்டியது அவர் இல்லை என்று சொல்லுங்கள்.

25. கர்ப்பிணிகளைக் காய்ச்சல் பரவும் ஊருக்கு வேலைக்கு அனுப்பாதீர்கள். மலேரியா தாயையும் சிசுவையும் சேர்த்துப் பாதிக்கும். சிசுவைப் பாதிக்கும் ஜிகா காய்ச்சலும் இருக்கிறது; அது 2018-ல் ஜெய்ப்பூரிலும் 2021-ல் கேரளத்திலும் வந்தது.

26. அனுப்பும் முதலாளிக்குக் கடைசியாக: காய்ச்சலில் படுத்தவருக்குக் கூலி பிடிக்காதீர்கள். கூலி போகும் என்ற பயத்தில்தான் பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு சாரம் ஏறுகிறார்கள். ஈ.எஸ்.ஐ.-யில் சேர்த்திருந்தால், உரிய சந்தா கட்டியவருக்கு நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு டாக்டர் சான்று வேண்டும். சேர்க்காதவர்கள் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள். ஆட்கள் தங்கும் இடத்துக்கு மாதம் ஒருமுறையாவது போய், ஒரு ராத்திரி அங்கேயே வலை இல்லாமல் படுத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் வலை வாங்கப் பணம் தானாக வரும்.